ஐயா மூடு எப்படி?

கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியின் அறை வாசலில் நிற்பவர் முதலில் பேசுவது அதிகாரியிடம் அல்ல. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளரிடம். "ஐயா மூடு எப்படி?" அவர் உதட்டைப் பிதுக்கினால் கோப்பு திரும்பிப் போய்விடும். "இப்பதான் காபி குடிச்சார், போங்க" என்றால் உள்ளே போகலாம்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் திரும்பிப் போகிற கோப்புகள் எவை என்று கவனித்தால் சிரிப்பு அடங்கிவிடும். நல்ல சேதி உள்ள கோப்பு எந்த நேரத்திலும் உள்ளே போகும். தணிக்கை ஆட்சேபணை, டெண்டர் குளறுபடி, புதுச் சுவரில் விரிசல்: இவைதான் நாள் பார்த்துக் காத்திருக்கும். காத்திருக்கிற நாளில் விரிசல் சும்மா இருப்பதில்லை.

இதற்கு அதிகாரி கடுமையானவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பேர்பெற்ற திறமைசாலியாக இருந்தாலே போதும், எதிரே நிற்பவருக்கு நா எழாது. விமானத் துறை இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1977 மார்ச் 27. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவுக்கு விமானங்கள் திருப்பிவிடப்பட்டிருந்தன. சின்ன நிலையம், ஒரே ஓடுபாதை, போதாததற்கு மூடுபனி. ஓடுபாதையின் முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் 747 புறப்படத் தயாராக நின்றது. அதன் கேப்டன் யாக்கோப் வான் சான்டன் 747 விமானிகளுக்குப் பயிற்சி தரும் மூத்தவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் முகம் வந்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானியைச் சோதித்து, 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சொன்னவரும் அவர்தான்.

கேப்டன் வேகத்தைக் கூட்டத் தொடங்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லையே என்றார் துணை விமானி. கேப்டன் நிறுத்தினார். பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, மேலே கிளம்பிய பின் எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதி வந்தது. ஓடுபாதையில் ஓடக் கிளம்பலாம் என்ற அனுமதி அல்ல அது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை துணை விமானி தடுக்கவில்லை.

எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். மேலதிகாரியை ஒரு தரம் திருத்திவிடலாம். உடனே இரண்டாவது தரமும் திருத்த எத்தனை பேருக்கு வாய் வரும்?

அதே ஓடுபாதையில், பனிக்குள், பான் ஆம் நிறுவனத்தின் 747 இருந்தது. ரேடியோவில் காதில் விழுந்ததை வைத்து, அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதோடு பேச்சு முடிந்தது. 583 பேர் இறந்தார்கள். பனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்த ரேடியோப் பேச்சு, பணிநேர வரம்பு தாண்டிவிடுமோ என்ற அவசரம் என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் அந்தக் கேள்விக்குக் காது கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதுவும் இதுபோன்ற சில விபத்துகளும் சேர்ந்துதான் 1979இல் நாசாவை ஒரு பயிலரங்கு கூட்டவைத்தன. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு முறையாகப் பயிற்சி தொடங்கியது. இளையவர்களுக்குச் சொல்லப் பயிற்சி, கேப்டன்களுக்குக் கேட்கப் பயிற்சி. நாம் முதல் பாதியோடு நின்றுவிடுவோம். "தைரியமா சொல்லுங்க" என்போம். சொன்னவர் என்ன ஆனார் என்பதை மொத்த அலுவலகமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் வரைவாளனாக இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு செயற்பொறியாளர் இருந்தார். ஆய்வுக் கூட்டத்தில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரை முதலில் பேசச் சொல்வார். தான் கடைசியில்தான் பேசுவார். "நான் முதல்ல பேசிட்டா அப்புறம் எல்லாரும் ஆமாம் சார்தான்" என்பார். ஒரு நாள், சேர்ந்து சில மாதமே ஆன உதவிப் பொறியாளர் எழுந்து, 28 நாள் க்யூப் சோதனையில் கான்கிரீட் தேறவில்லை என்றார். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. செயற்பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்தத் தேதி போட்டது? எந்தத் தூண்?" என்று மட்டும் கேட்டார். யார் பொறுப்பு என்ற கேள்வி அன்று வரவில்லை. மேற்கொண்டு சோதனைகள் செய்து, கடைசியில் இரண்டு தூண்களை இடித்துத் திரும்பப் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் புலம்பினார்.

சாதுவான மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். அளவுகளைப் பதியும் எம்.புக்கில் தப்பு இருந்தால் தோலை உரித்துவிடுவார். ஆனால் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு. கீழே உள்ளவர்களைக் கிண்டல் செய்தும் நான் பார்த்ததில்லை. அதிகாரி அடிக்கிற ஜோக்குக்குத் திருப்பி ஜோக் அடிக்க யாரால் முடியும்? தோழமை என்று நினைத்துக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் நல்ல மனிதர்தான், சுறுசுறுப்பானவர். கூட்டம் தொடங்கியதும் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்பார். முன்பு இரண்டு மணி நேரம் இழுத்த கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. எல்லாப் பணிகளும் திருப்திகரமாக நடந்துவருவதாக மாதாமாதம் கூட்டக் குறிப்பில் பதிவானது.