கோபி மண்ணில் ஒரு கூட்டுறவுப் பாடம்

ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்தால் கோபிசெட்டிபாளையம் வந்துவிடும். கொங்கு நாடு என்றதும் வறண்ட மேட்டுக்காட்டையும் ஆழ்கிணற்றையும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இவ்வூர் வியப்பளிக்கும். சாலையின் இருமருங்கிலும் நெல்வயல், அதை அடுத்து வாழைத் தோட்டம், அதற்கப்பால் தென்னந்தோப்பு என்று கண்ணுக்கெட்டிய தூரம் பசுமையே தெரிகிறது. பவானி ஆற்றின் குறுக்கே கொடிவேரியில் உள்ள பழைய அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்னும் இரு வாய்க்கால்கள் பிரிந்து இந்த மண்ணை நனைக்கின்றன. பவானிசாகர் அணை 1955-ஆம் ஆண்டில் நிறைவடைந்தபின் கீழ்பவானி வாய்க்காலும் சேர்ந்துகொண்டது. இந்த அழகைத் தேடித் திரைப்படக் குழுவினர் அடிக்கடி வந்ததால் 'மினி கோடம்பாக்கம்' என்ற பட்டப் பெயரும் ஊருக்கு உண்டு.

ஆனால், வயல் பசுமையாக இருப்பதால் எல்லா வீட்டு அடுப்பும் எரிகிறது என்று சொல்லிவிட முடியாது. நிலம் உடையவருக்கு வாய்க்கால் வாழ்வளிக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கோ வாய்க்காலில் நீர் அடைக்கப்பட்டால் வேலையும் அடைபட்டுவிடுகிறது. நாற்று நடவும் அறுவடையும் இயந்திரத்தின் கைக்கு மாறிவரும் காலம் இது. உழைக்கும் கைக்குப் புதிய தொழில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் குறைந்த செலவில் கற்பிப்பவர் யார்?

கலிங்கியம் பக்கத்தில் ஒரு பள்ளி

அதற்கான விடையின் ஒரு பகுதி கோபியிலேயே இருக்கிறது. நகரை ஒட்டிய கலிங்கியம் பகுதியில் 'மைராடா' தொண்டு நிறுவனத்தின் வேளாண் அறிவியல் நிலையம் 1992 முதல் இயங்கி வருகிறது. உழவர்களுக்கும் பெண்களுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்கும் தொழிற்பயிற்சி அளிப்பது இத்தகைய நிலையங்களின் பணி. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

மைராடாவின் வரலாறு சுவையானது. திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968-இல் கர்நாடகத்தில் தோன்றிய அமைப்பு அது. பின்னர் கிராம மக்களுக்கெனப் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை ஏற்படுத்தியது. அவை 1984, 1985-ஆம் ஆண்டுகளில் உடையத் தொடங்கின. சங்கத்தின் அதிகாரம் ஓரிருவர் கையில் குவிந்ததும், ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்க்கப்பட்டதும் அதற்குக் காரணம்.

மைராடாவிடம் வந்த உறுப்பினர்கள், "வாங்கிய கடனைக் கட்டுகிறோம், ஆனால் அந்தச் சங்கத்திடம் கட்டமாட்டோம்" என்றார்கள். "எங்களுக்கு நீங்கள் கடன்படவில்லை; உங்களுக்குள் நம்பிக்கையுள்ளவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து அந்தக் குழுவிடமே கட்டுங்கள்" என்ற கருத்தில் பதில் கிடைத்தது. இன்று நாடெங்கும் பரவியுள்ள சுய உதவிக் குழுக்களின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. 1989-இல் தருமபுரியில் தமிழக அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியதும், 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையில் இறங்கியதும் அதன் பிறகே.

உறுப்பினரே உரிமையாளர்

குழுக்கள் பெருகியபோது இன்னொரு கேள்வி எழுந்தது. தொண்டு நிறுவனம் ஒருநாள் விலகிச் சென்றுவிட்டால் பயிற்சி தருபவர் யார்? இதற்கு மைராடா கண்ட வழிதான் மக்களே நிர்வகிக்கும் வள மையம். அக்கம்பக்கத்துக் குழுக்கள் ஏறத்தாழ நூறு ஒன்றுசேர்ந்து ஒரு மையத்தை நடத்துகின்றன. குழுக்கள் சந்தா செலுத்துகின்றன. நிர்வாகிகளைத் தம்மிடையிலிருந்தே தேர்ந்தெடுக்கின்றன. பயிற்சிக்கும் பிற சேவைகளுக்கும் சிறு கட்டணம் உண்டு.

ஏழைகளிடம் கட்டணமா என்று கேட்கத் தோன்றும். இலவசப் பயிற்சிக்கு வருபவரிடம், 'உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தம் காசைக் கொடுத்தவரோ, பயன்படாத பாடத்தை மாற்றச் சொல்லும் உரிமையையும் பெற்றுவிடுகிறார். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அச்சங்கம் பின்னர் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கிவைத்தது. உறுப்பினர்க்குக் கல்வி என்பது இன்றும் உலகக் கூட்டுறவுக் கொள்கைகள் ஏழில் ஒன்று.

நம் இல்லங்களுக்கு

கோபியிலும் சத்தியமங்கலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நம் ஜமாஅத்துகள் இருக்கின்றன. சுய உதவிக் குழுக்களிலிருந்து நம் சகோதரிகளில் பலர் ஒதுங்கி நிற்பதற்கு வட்டியே காரணம். குழுவின் சேமிப்பு வட்டிக்கே கடனாகத் தரப்படுவதால் அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால், பயிற்சிக்கென அமையும் கூட்டுறவுக்கு வட்டியே தேவையில்லை. பங்குத் தொகை, பயிற்சிக் கட்டணம், செய்த வேலைக்குக் கூலி, ஆண்டிறுதியில் உபரியில் பங்கு என்ற நான்கே அதற்குப் போதும்.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் போக வேண்டியதும் இல்லை. தமிழகத்தில் சத்துணவுப் பள்ளி மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே தைத்துத் தருகிறார்கள். வீட்டிலிருந்தபடியே துணியை வெட்டித் தைத்து, இடைத்தரகர் சொல்லும் கூலியை வாங்கிக்கொள்ளும் சகோதரிக்கும், சங்கத்தில் ஒரு பங்கும் ஒரு வாக்கும் உடைய சகோதரிக்கும் கைத்திறன் ஒன்றே. கூலியைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள், சமுதாயம் திரட்டும் நன்கொடைக்கு அரசின் இணை மானியத்தைச் சேர்த்து ஏழைப் பெண்களுக்கு உதவுகின்றன. அது நல்ல உதவியே. என்றாலும் உதவி பெறுபவர் அங்கே பயனாளிதான். கூட்டுறவிலோ அவர் உரிமையாளர். வசதியுள்ளவர்கள் நன்கொடை தருவதோடு நில்லாமல், ஓர் ஏழைச் சகோதரியின் பெயரில் ஒரு பங்கு வாங்கிக் கொடுக்கலாம். ஜகாத் நிதியை இவ்வகையில் செலவிடலாமா என்பதை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2011-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தமும் கூறிவிட்டது.

மைராடாவின் பெரிய சங்கங்கள் உடைந்த கதையையும் மறந்துவிடக் கூடாது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவரைத் தலைவராக அமர்த்திவிட்டு மற்றவர் ஒதுங்கிக்கொண்டால் நம் சங்கமும் அவ்வாறே உடையும். ஒருவரை ஒருவர் அறிந்த பத்துப் பதினைந்து பேர், ஒரு தொழில், எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கேடு என்று சிறிதாகத் தொடங்குவதே நலம்.

கோபிக்குச் செல்பவர்கள் கொடிவேரி அருவியில் நீராடிவிட்டுத் திரும்புவது வழக்கம். வழியில் கலிங்கியத்திலும் ஒரு மணி நேரம் இறங்குங்கள். வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என்ன பயிற்சி எப்போது நடக்கிறது என்று அவர்களே கேட்டறிந்து வரட்டும். உங்கள் மஹல்லாவின் முதல் பத்துப் பெயர்கள் அந்தப் பயணத்திலேயே கிடைத்துவிடக் கூடும், இன்ஷா அல்லாஹ்.