ரோமாபுரிக்கு முன்

என் மகள் இத்தாலிப் பயணத்துக்கு நாள்வாரியாகத் திட்டம் வகுத்தாள். ரோமாபுரியில் மூன்று நாள், பிளாரன்சில் இரண்டு, வெனிசில் ஒன்று. எவ்வூரில் எதை உண்பதென்பதும் அதில் கண்டிருந்தது. (அமெரிக்காவிலிருந்து தக்காளி வருமுன் இத்தாலியர் எதைக் கொண்டு குழம்பு வைத்தனரோ என்று கேட்டேன், முறைத்தாள்.) கி.பி. 80-இல் திறக்கப்பெற்ற கொலோசியத்தின் செங்கல்லையும் காரையையும் அவள் வியந்து படித்துக் காட்டுகையில் என் தாயார் குறுக்கிட்டார்:

"நாம் குடியிருக்கும் பிரிக்பீல்ட்சுக்குப் பெயர் வந்ததும் செங்கற்சூளையால்தானே? அதிருக்கட்டும், கிள்ளானை இவளுக்குக் காட்டினாயா?"

கிள்ளானுக்குப் பலமுறை போயிருக்கிறோம். தெங்கு கிளானா வீதியில் வாழையிலைச் சோறுண்டு, சேலை வாங்கித் திரும்பியிருக்கிறோம், அவ்வளவே. 1941-இல் அவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்ததையும், துரைமார் எதிர்ப்படுங்கால் சைக்கிளினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டுமென்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றென்பதையும், மே மாதத்தில் அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதானதையும், பின்னர்த் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தொழிலாளர் இரையானதையும் அவளிடம் நான் சொன்னதேயில்லை. தாயாரின் தந்தை அங்கே பால் வெட்டியவர். அவரது சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டவனும் நானே.

நிற்க. மகள் திட்டத்தின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தாள்: "ஞாயிறு, கிள்ளான், ரயிலில்."

"அங்கே எதைப் பார்ப்பதப்பா?" என்றாள்.

பாட்டனாரின் தோட்டம் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள்.

"பாட்டியையும் அழைத்துப் போவோம்" என்றேன்.