ஜொகூர் பாருவும் சட்டைக் காலரும்

ஜொகூர் பாருவுக்கு நம்மவர்கள் பலமுறை போயிருப்பீர்கள். ஆனால் ஊரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? லார்க்கினில் பேருந்தை விட்டு இறங்கியதும், 1924-இல் திறக்கப்பட்ட அந்தக் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகத்தான் கால்கள் பறக்கின்றன. அடுத்த முறை போகும்போது இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அவனையும் அழைத்துச் செல்லுங்கள். அவனுடைய சட்டைக் காலரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நடையைத் தொடங்கலாம். ஜாலான் துருஸ், ஜாலான் டோபி, ஜாலான் தான் ஹியோக் நீ எல்லாம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. டோபி என்ற பெயரைப் பார்த்தாலே புரியும். துணி வெளுத்த நம் நாட்டு மக்கள் வாழ்ந்து, அந்தத் தெருவுக்குத் தங்கள் தொழிலின் பெயரையே விட்டுச் சென்றிருக்கிறார்கள். இன்று அங்கே காப்பிக் கடைகள் பெருகிவிட்டன. விறகடுப்பில் வேகும் வாழைப்பழக் கேக்கின் மணம் பிள்ளையை இழுக்கும். வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இல்லையேல் மேற்கொண்டு நடக்க மாட்டான்.

இந்த ஊரின் தொடக்கம் 1855-இல் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் அமைத்த தஞ்சோங் புத்ரி என்னும் குடியிருப்பு. அவருடைய மகன் அபு பக்கார் காலத்தில், 1866-இல், அது ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. அதற்கு முன் அந்தக் குடும்பத்தின் இருப்பிடம் சிங்கப்பூரின் தென்கரையில் உள்ள தெலுக் பெலாங்கா. அந்த இடத்தின் பெயரையே ஓர் உடைக்கும் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள் ஜொகூர்க்காரர்கள். தலைநகர் மாறியதன் நினைவாக அந்தச் சட்டை தோன்றியது என்பது இங்குள்ளோர் சொல்லும் மரபு.

துணிக்கடையில் அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் காலரே கிடையாது. வட்டமான கழுத்து, முன்னால் சிறிய பிளவு, மேலே ஒரே ஒரு பொத்தான். கழுத்தின் ஓரத்தை நெருக்கமான கைத்தையலால் கட்டியிருப்பார்கள். அந்தத் தையலுக்கு ‘துலாங் பெலுட்’, அதாவது விலாங்கின் எலும்பு, என்று பெயர். அழகுக்கு மட்டும் போட்ட தையல் அல்ல அது. வளைத்து வெட்டிய துணியின் ஓரம் இழுபட்டு அகன்றுவிடும். அகலாமல் பிடித்து வைப்பது அந்தத் தையல்தான். பக்கத்திலேயே இன்னொரு வகைச் சட்டையும் தொங்கும். அது ‘செக்காக் மூசாங்’. இதில் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை நிமிர்ந்து நிற்கும். மொத்தம் ஐந்து பொத்தான்கள்.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் பள்ளிச் சட்டையின் ரகசியம் புரிந்துவிடும். முதலாவதில் கழுத்து மட்டுமே இருக்கிறது. இரண்டாவதில் கழுத்தும் பட்டையும் இருக்கின்றன. பள்ளிச் சட்டையில் இவற்றின் மேல் மடிப்பு ஒன்றும் சேர்கிறது. கழுத்தை அடித்தளம் என்றும், பட்டையைச் சுவர் என்றும், மடிப்பைக் கூரை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நாம் கடையில் தடவிப் பார்ப்பதெல்லாம் கூரையைத்தான். “காலர் நல்ல விறைப்பு” என்று மெச்சி வாங்குகிறோம். பிள்ளையின் கழுத்தை அறுப்பதோ அடித்தளமும் சுவரும்!

வகுப்பில் நான் அன்றாடம் காணும் காட்சி இது. ஒரு பையன் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்பான். ஒழுங்கில்லாதவன் என்று பெயர் வாங்குவான். கழுத்தைப் பார்த்தால் வேர்க்குருவும் சிவந்த கோடும் இருக்கும். இன்னொருவனுக்கு இரண்டு வருடம் உழைக்கட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருப்பார்கள். காலர் தோளிலே கிடக்கும். பெற்றோரின் சிக்கனத்தை நான் குறை கூறவில்லை. சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை உயரத்தில் வளரும் வேகத்துக்குக் கழுத்து வளர்வதில்லை. நீளத்தை வேண்டுமானால் மடித்துத் தைத்து, பிறகு பிரித்துவிடலாம். கழுத்தைக் கழுத்துக்கே வாங்க வேண்டும்.

பழைய கடைத்தெருவில் ஒரு வயதான தையற்காரரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “கழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கித் தரலாம் வாத்தியாரே, சின்னதாக்க முடியாது. வெட்டினது வெட்டினதுதான்” என்றார். அளவு நாடாவைக் கழுத்தின் அடியில் சுற்றி, உள்ளே இரண்டு விரல் விட்டு அளந்து காட்டினார். பட்டையை நேர்கோடாக வெட்டினால் அது குழாய் போல நிற்குமாம். மனிதக் கழுத்தோ மேலே போகப் போக ஒடுங்குவது. ஆகவே பட்டையின் முன்முனைகள் சுமார் ½ அங்குலம் மேல்நோக்கி வளைய வேண்டும். அப்போது மேலோரம் குறுகிக் கழுத்தோடு இசைந்து உட்காரும். மடிப்பின் மேல்துணி அடித்துணியைவிட ஒரு நூல், அதாவது ⅛ அங்குலம், பெரிதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாயிருந்தால் காலர் நுனி மேலே சுருண்டுகொள்ளும். உள்ளே வைக்கும் கேன்வாஸைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுருக்கிய பிறகே வெட்டுவாராம். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, மேல்துணி கொப்பளித்து நிற்கும்.

செம்பனை வெட்டும் அப்பாக்களுக்கும் ஒரு சொல். நாள் முழுதும் அண்ணாந்து பார்க்கும் வேலை உங்களுடையது. பின்கழுத்தில் பட்டை உயரமாயிருந்தால் ஒவ்வொரு குலைக்கும் அது பிடரியில் இடிக்கும். வேலைச் சட்டைக்குப் பின்பட்டை 1 அங்குலம் போதும். காலரை அடியோடு நீக்கிவிடாதீர்கள். வெயிலையும் மேலிருந்து விழும் தூசியையும் தடுக்க அது வேண்டும்.

கடையில் ரெடிமேட் வாங்குபவர்கள் பிள்ளைக்குப் போட்டு மேல் பொத்தானை மாட்டச் சொல்லுங்கள். பிறகு குனியச் சொல்லுங்கள், அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரல் நுழைந்தால் சரி, நான்கு விரல் நுழைந்தால் வேண்டாம். வீட்டில் காலருக்குக் கெட்டிக் கஞ்சி போடாதீர்கள். வியர்வையில் அந்த ஓரம் கத்தியாகிவிடும். காலரைப் பிடித்து ஆணியில் மாட்டுவதும் கூடாது. ஈரத் துணியின் பாரத்தில் கழுத்து இழுபட்டுப் போகும். காலர் மடிப்பு நைந்துவிட்டால் சட்டையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேல்மடிப்பை மட்டும் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைக்கச் சொன்னால் இன்னும் ஒரு வருடம் ஓடும். அரை மணி நேர வேலைதான்.

தையற்காரரிடம் கொடுப்பதாயிருந்தால் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் போகாதீர்கள். மேசை நிறையத் துணி குவிந்து கிடக்கும். அளவெடுக்க நேரமிருக்காது. பள்ளி விடுமுறையின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். துணியை முதல் நாளே தண்ணீரில் நனைத்து, உலர்த்தி எடுத்துக்கொண்டு போங்கள்.