இராமேசுவரத்துப் புளியமரச் சிலந்தி

இராமநாதபுரம் மாவட்டத்தின் இராமேசுவரம் பகுதியில், பழைய புளியமரங்களின் பொந்துகளில் வாழும் ‘பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா’ என்னும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி, 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்பவரால் அறிவியலுக்கு அறிமுகமாகி, உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக இடம்பெற்றுள்ளது. டரான்டுலா எனப்படும் இவ்வகைச் சிலந்திகளைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் மேலைநாட்டு ஆர்வம், இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் பொய்சிலோதீரியா பேரினத்தின் அழகையே அதற்குப் பகையாக்கியதால், 2019இல் அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அப்பேரினம் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. மரம் வெட்டப்படுவதை அந்த உடன்படிக்கை தடுக்காது என்பது வேறு.

டரான்டுலாக்களை வளர்ப்போர் அறியவேண்டியவை சில: மரவாழ் இனங்களுக்கு அகலத்தைவிட உயரம் மிகுந்த, காற்றோட்டமுள்ள பெட்டியும், செங்குத்தாக நிறுத்திய மரப்பட்டையும் தேவை. இரவில் நடமாடும் இவை வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளுமாதலால் தனி விளக்கு வேண்டியதில்லை என்பதோடு, வெப்பவிளக்கு அவற்றின் உடலை உலர்த்தியும் விடும்.

பாலறிதலே நுட்பமான பணி: சிலந்தி உரித்துப்போட்ட சட்டையை நீரில் ஊறவைத்து விரித்து, புத்தகத் தாள்கள்போல் அடுக்கான சுவாச உறுப்புகளாகிய புத்தக நுரையீரல்களின் முன்னிணைக்கு இடையே உருப்பெருக்கியால் நோக்கினால், ஆணின் விந்தணுக்களைச் சேமிக்கும் விந்துகொள்பை பெண்ணில் சிறு மடிப்பாகத் தென்படும். முதிர்ந்த ஆணோ, வாயருகிலுள்ள துணையுறுப்புகளின் நுனியில் குமிழ் தோன்றிய பின் நெடுநாள் வாழ்வதில்லை. பெண் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும்.