வெற்றிடத்தின் பிரதி

ஹார்ட் டிஸ்கைப் பிரதி எடுப்பதென்றால், அதிலுள்ள கோப்புகளையெல்லாம் புதிய டிஸ்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதுதானே என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிச் சேர்த்த டிஸ்கைக் கணினியில் பொருத்திப் பார்த்தால் கணினி எழுந்திருப்பதில்லை. பழைய முறையில் அமைந்த டிஸ்குகளில், எந்தப் பகுதி எங்கே ஆரம்பமாகிறது என்பதும் முதலில் எதை இயக்க வேண்டும் என்பதும் 512 பைட் அளவேயுள்ள முதல் செக்டாரில் எழுதப்பட்டிருக்க, எந்தக் கோப்பிலும் அடங்காத அந்த விஷயம் சாதாரணப் பிரதியில் விட்டுப்போகிறது. க்ளோன் என்பது அதையும் சேர்த்து எடுப்பது.

அதிலும் இருவகை உண்டு. தைவானில் உருவாகி இலவசமாக வழங்கப்பட்டு வரும் க்ளோன்ஜில்லா, பெரும்பாலும் உபயோகத்திலுள்ள இடங்களை மட்டும் படித்துக்கொண்டு, காலி என்று கணக்கில் கண்டவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். யூனிக்ஸின் ஆரம்ப காலந்தொட்டு வழங்கிவரும் டிடி கட்டளையோ, நிறைந்தது காலியானது என்ற பேதம் பாராமல் முதல் செக்டார் முதல் கடைசி செக்டார் வரை அனைத்தையும் வரிசையாக எடுத்துவைக்கும். வினாடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தாலும் 500 ஜிபி டிஸ்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். காலியிடத்துக்காக இவ்வளவு காலவிரயமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, சுழலும் தட்டுள்ள டிஸ்கில் காலியிடம் உண்மையில் காலியாக இருப்பதில்லை என்பதே. ஒரு படத்தை அழிக்கும்போது பொதுவாக அதன் பெயர்தான் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறதேயன்றி, வேறொன்று அதன் மேல் எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கிறது. கைதவறி அழித்த கல்யாணப் படங்களை என்றேனும் ஒரு நாள் தேட நேர்ந்தால், அந்தச் சேஷங்களே துணை. ஆகையால், அவகாசம் உள்ளபோதெல்லாம் முழுப் பிரதியே சிலாக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

டிஸ்க் நோயுற்றிருந்தால் டிடி உதவாது; அதற்கென்றே டிடிரெஸ்க்யூ இருக்கிறது. தேர்ந்த வைத்தியர் நோயாளியின் பலத்தைப் பார்த்துச் சிகிச்சை செய்வதுபோல, எளிதாகப் படிக்கக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்து, பின்னர் அவற்றிடம் சிறுகச் சிறுகத் திரும்பி வரும் அதன் நிதானம் எனக்கு மிகவும் பிரியமானது. நடுவில் மின்சாரம் நின்றாலும், அந்தக் குறிப்புகளை ஒரு கோப்பில் எழுதிவரச் சொல்லியிருந்தால், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

மூலம் எது, பிரதி எது என்பதை டிஸ்கின் மீதுள்ள தொடர் எண்ணைக் கொண்டு நிச்சயித்துக்கொண்ட பிறகே கட்டளையிட வேண்டும். மாறினால் வெறுமை நிறைவின் மேல் எழுதப்பட்டுவிடும். வேலை முடிந்ததும் இரண்டையும் ஒருசேரப் பொருத்தலாகாது. மேலுள்ள தொடர் எண் வேறானாலும், டிஸ்கினுள் எழுதப்பட்டுள்ள அடையாள எண்கூட ஒன்றாகிவிடுவதால் விண்டோஸ் அவற்றில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். புதியதைத் தனியாக இயக்கி, சில வாரங்கள் பழகிப் பார்க்கும்வரை, பழையதை அழித்து வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ள நான் சம்மதிப்பதில்லை.