வரைபடத்தில் இல்லாத சியெரா ஃபோர்

ஏர்லைன் விமானி ஒருவர் வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவது பெரும்பாலும் தெரிந்த ஊர்களுக்குத்தான். எந்த வளைவில் திரும்ப வேண்டும், எந்தக் கேட்டில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். பிசினஸ் ஜெட் ஓட்டுகிறவர் நிலைமை வேறு. நேற்று ராத்திரி வாட்ஸப்பில் வந்த ஊர்தான் இன்றைய ஊர். அதுவரை கண்ணால் பார்த்திராத ஓடுபாதையில், பின்னால் முதலாளி உட்கார்ந்திருக்க, இறங்கியாக வேண்டும். ஐரோப்பாவில் அது இன்னும் சிக்கல். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நாடு மாறிவிடும், விதி மாறிவிடும், ரேடியோவில் கேட்கும் மொழியும் மாறிவிடும்.

நான் விமானி இல்லை. பறப்பதற்கு முன் விமானிகள் படிக்க வேண்டிய குறிப்புகளைத் தொகுத்துத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதுகிற குழுவில் ஒருவன். எங்களுக்கு ஆலோசகராக ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் வருவார். சிறிய ஜெட்களில் ஐரோப்பா முழுக்கச் சுற்றியவர். புது விமானி எதற்குப் பயப்பட வேண்டும் என்று எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. சுவிட்சர்லாந்தின் சமேடன் அதில் முதலிடம். கடல்மட்டத்திலிருந்து 5,600 அடி உயரம், சுற்றிலும் மலை. 2009 பிப்ரவரியிலும் 2010 டிசம்பரிலும் அங்கே சின்ன ஜெட்கள் நொறுங்கியிருக்கின்றன. அடுத்தது லண்டன் சிட்டி. மற்ற இடங்களில் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்குவார்கள், அங்கே 5.5 டிகிரி. விமானத்துக்கும் தனி அனுமதி வேண்டும், விமானிக்கும் தனிப் பயிற்சி வேண்டும்.

கேப்டன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் சரிதான் தம்பி. மலைன்னா எல்லாரும் படிச்சிட்டுத்தான் வருவாங்க. ஆளைக் கொல்றது டாக்ஸிவே. அதை எவனும் படிக்கிறதில்ல."

டாக்ஸிவே என்பது நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் நடுவே விமானம் தரையில் உருண்டு போகும் பாதை. நம் வழக்கில் சொன்னால் ஊருக்குள் இருக்கும் சந்து பொந்து. அங்கே ஆபத்து இருக்கும் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் சொன்ன ஊர் மிலான், விமான நிலையம் லினாதே. அன்றைக்கே விபத்து அறிக்கையைத் தேடிப் படித்தேன்.

2001 அக்டோபர் 8, காலை. கடும் பனிமூட்டம், இருநூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நிலை. கொலோனிலிருந்து அதிகாலையில் வந்து இறங்கிய ஒரு செஸ்னா சைட்டேஷன் ஜெட், பாரிஸுக்குக் கிளம்பத் தயாராக மேற்குப் பக்கம் நின்றது. உள்ளே நான்கு பேர்: இரண்டு விமானிகள், விமானம் விற்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவர், வாங்கலாமா என்று யோசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர். அதாவது டெமோ. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன். டெமோ நாளின் மனநிலை எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். திரையில் ஏதோ ஒரு மூலையில் சிவப்பாகத் தெரிந்தாலும் வாடிக்கையாளர் முன்னால் "ஒரு நிமிஷம், இது எனக்குப் புரியல" என்று வாயைத் திறக்க மாட்டோம். அந்த விமானிகளுக்கு 550 மீட்டருக்குக் குறைவான பார்வையில் இறங்கும் தகுதியே கிடையாது. இருந்தும் இறங்கியிருந்தார்கள். யாரும் தடுக்கவுமில்லை.

அவர்களுக்குக் கிடைத்த உத்தரவு, ரோமியோ ஃபைவ் வழியாக வடக்கே போ, பிரதான ஓடுபாதையின் நீட்சிக்கு முன்னால் இருக்கும் நிறுத்தக்கோட்டில் கூப்பிடு என்பது. விமானி திருப்பிச் சொன்னபோது 'வடக்கு' விழுந்துவிட்டது, 'நீட்சி'யும் விழுந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னால் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் குறியீடுகள் மோசமாக இருந்தன. ஜெட் ரோமியோ ஃபைவுக்குப் பதில் ரோமியோ சிக்ஸில் திரும்பியது. ரோமியோ ஃபைவ் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டு போகும். ரோமியோ சிக்ஸ் நேராக அதன்மேல் ஏறும்.

போகிற வழியில் விமானி ஒன்றைச் சொன்னார். சியெரா ஃபோரை நெருங்குகிறோம் என்றார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். தரையில் எஸ்4 என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்தது. கட்டுப்பாட்டாளர் கையிலிருந்த வரைபடத்தில் எஸ்4 என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார், மறுபடியும் அதே பதில் வந்தது. கடைசியில் தொடர்ந்து போகச் சொல்லிவிட்டார். அவர் மனதில் ஜெட் பாதுகாப்பாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. தரை ரேடாரில் பார்க்கவும் வழியில்லை. பழையதை எடுத்துவிட்டார்கள், புதியது இயங்க ஆரம்பிக்கவில்லை.

காலை 8.10 மணிக்கு, கோபன்ஹேகனுக்குக் கிளம்பி ஓடுபாதையில் வேகமெடுத்து வந்த எஸ்.ஏ.எஸ். விமானம் அந்த ஜெட்டின் மேல் மோதியது. பிறகு ஓடுபாதையின் கோடியில் இருந்த பெட்டி கையாளும் கட்டடத்துக்குள் போய் விழுந்தது. பெரிய விமானத்தில் 110 பேர், ஜெட்டில் 4 பேர், கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 4 பேர். மொத்தம் 118. இன்று மிலானின் ஃபோர்லானினி பூங்காவில் அவர்கள் நினைவாக 118 மரங்கள் நிற்கின்றன.

இந்த அறிக்கையில் என்னைத் தூங்கவிடாதது எஸ்4தான். புதிதாக வந்தவன் தரையில் இருப்பதைப் படித்தான். உள்ளூர்க்காரன் காகிதத்தில் இருப்பதை நம்பினான். மென்பொருளில் இது தினமும் நடக்கிற கூத்து. ஆவணம் ஒன்று சொல்லும், ஓடுகிற சிஸ்டம் வேறொன்று செய்யும். அந்த வித்தியாசத்தை முதலில் பார்ப்பவன் பெரும்பாலும் போன வாரம் சேர்ந்த பையனாகத்தான் இருப்பான். ஆனால் அவன் அதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான், சந்தேகமாகச் சொல்ல மாட்டான். கேட்கிறவர் தனக்குத் தெரியாத பெயர் வந்ததும் "அது என்னது?" என்று கேட்க வேண்டும். லினாதேயில் இரண்டு பக்கத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை. பிறகு நீதிமன்றங்கள் கட்டுப்பாட்டாளரையும் நிர்வாகிகளையும் தண்டித்தன. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

இன்னொரு விஷயம். ரோமியோ சிக்ஸில் ஓடுபாதைக்கு முன்னால் நிறுத்தக்கோடும் சிவப்பு விளக்குகளும் இருந்தன. ஆனால் அந்த விளக்குகளைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அணைக்க வசதியில்லை, எப்போதும் சிவப்பு. எந்நேரமும் சிவப்பாகவே இருக்கும் டாஷ்போர்டை எந்தப் பொறியாளர் பார்க்கிறார்? எரிகிற சிவப்புக் கோட்டை, போ என்று ரேடியோவில் சொன்னால்கூடத் தாண்டாதே என்பதுதான் விதி. அணைந்து எரிகிற விளக்காக இருந்தால்தான் அந்த விதிக்கு மரியாதை.

மொழிச் சிக்கலும் உண்டு. 2000 மே 25 அன்று பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் ஒரு பிரெஞ்சு விமானத்துக்குப் பறக்க அனுமதி பிரெஞ்சில் போனது. குறுக்குப் பாதையில் காத்திருந்த பிரிட்டிஷ் சரக்கு விமானத்துக்கு உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. அந்த ஓடுபாதையில் யார் ஓடி வருகிறார் என்று காதில் விழுந்தும் அவர்களுக்கு விளங்கவில்லை. உள்ளே நகர்ந்தார்கள், ஒரு விமானி இறந்தார். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு எண்களிலும் கண்ணி இருக்கிறது. அவர்கள் காற்றழுத்தத்தை அங்குலத்தில் கேட்டுப் பழகியவர்கள். ஐரோப்பாவில் ஹெக்டோபாஸ்கல். "992" என்று காதில் விழுந்ததும் கை பழக்கதோஷத்தில் 29.92 வைத்துவிட்டால், உயரமானி காட்டுவதைவிட ஏறக்குறைய அறுநூறு அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார்கள்.

கேப்டன் சொன்ன யோசனைகளில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சக்கரம் நகர்வதற்கு முன் இரண்டு விமானிகளும் தரை வரைபடத்தில் விரல் வைத்துப் பாதையை ஓட்டிப் பார்க்க வேண்டும். சந்திப்பு வருகிற இடங்களில் இருவரில் ஒருவர்கூடக் குனிந்து செக்லிஸ்ட் படிக்கக் கூடாது. உத்தரவைத் திருப்பிச் சொல்லும்போது திசை, எல்லை எதையும் விழுங்கக் கூடாது. தரையில் தெரியும் எழுத்து வரைபடத்தில் இல்லையென்றால், பிரேக்கைப் போட்டுவிட்டு, இருக்குமிடம் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இந்த இடம் எங்களுக்குப் புதிது என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பல நிலையங்களில் கேட்டால் 'ஃபாலோ மீ' என்று முதுகில் எழுதிய வண்டி வந்து வழிகாட்டும். ஆனால் கேட்பதற்குப் பலருக்குக் கூச்சம், பின்சீட்டில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று.

நான் விடாமல் கேட்டேன்: "சார், நீங்க கேப்டன். பின்னாடி பணம் கொடுக்கிற ஆள். வழி தெரியலன்னு எப்படிச் சொல்வீங்க?"

"அவர்கிட்ட எதுக்கு? டவர்கிட்டத்தான் சொல்வேன்," என்றார். "அவர் ஏன் நிக்குதுன்னு கேப்பார். வண்டி வருதுங்கன்னு சொல்வேன். எத்தனை நிமிஷம்பார். பத்து ஆகலாம்னு சொல்வேன். சில பேர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. ஒருத்தர் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்ல."

அடுத்த வெளியீட்டில் பட்டியலின் வரிசையை மாற்றினோம். எந்த நிலையத்தைத் திறந்தாலும் இப்போது மலைப் படத்துக்கு முன்னால் தரை வரைபடம் வருகிறது. அதன் கீழே, வரைபடத்துக்கும் தரைக்கும் பொருந்தாததை விமானிகள் எழுதி அனுப்ப ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். முதல் வாரத்தில் வந்தவற்றில் பாதி எழுத்துப்பிழை. மீதியை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.