பிளக்கைக் கழட்டு, கண்ணு

கணபதியில் எங்கள் தெரு முழுக்க லேத் பட்டறைகள். பையன்கள் அரைக்கால் சட்டை வயதிலேயே ஸ்பேனர் பிடித்தார்கள். நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஒரு திருப்புளி பிடித்ததில்லை.

அப்பா இறந்தபின் அவருடைய டிவிஎஸ் 50 ஆறு மாதம் வாசலோரம் நின்றது. 1980இல் ஓசூரில் பிறந்த, இருவர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பட்டறைக்குத் தள்ளிப் போனேன். மெக்கானிக் நிமிர்ந்து பார்க்காமலே, "ஊட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றார். திரும்பத் தள்ளி வந்தேன்.

வாசலில் அம்மா சொன்னாள்: "பிளக்கைக் கழட்டிப் பாரு கண்ணு. கரி புடிச்சிருக்கும்."

இது டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்தே எரியும். கரி பிளக்கிலும் சைலன்சரிலும் படியும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இருபது வருடம் அப்பாவுக்கு டார்ச் அடித்தவள். அவளை ஒருநாளும் ஓட்டவிட்டதில்லை. ஏனென்று நானும் கேட்டதில்லை. கல்லூரியில் பெண்ணெழுத்து பற்றி வகுப்பெடுக்கிறவள் நான்.

உப்புத்தாளால் பிளக்கைத் தேய்த்தேன். அம்மா முனையின் இடைவெளியைப் பார்த்து, "போதும்" என்றாள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, புதியதில் ஆயிலை அளந்து கலந்தாள். ஸ்டாண்டில் நின்ற வண்டியில் புடவையை இழுத்துச் செருகி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். நாலாவது மிதியில் நீலப்புகையோடு பிடித்தது.

"ஸ்டாண்டை எடுத்து உடு" என்றாள்.

"பழக்கமில்லாம எப்படிம்மா..." என்று ஆரம்பித்தேன். அது அப்பாவின் குரல்.

வாயை மூடிக்கொண்டு ஸ்டாண்டை எடுத்தேன்.